பந்து விழும் முன்பே திட்டியவர்

நெஸ்டர் ஹோலவாட்டி பருப்பு விளைவித்தவர். கனடாவின் சஸ்காச்சுவானில் எங்கள் பக்கத்து மண்ணில் கோதுமைக்கு அடுத்தபடி மைசூர்ப் பருப்புதான். நீங்கள் என்றோ கடைந்த பருப்பில் ஒரு பிடி அவருடையதாக இருந்திருக்கலாம். அவர் அதை வாழ்நாளில் வாயில் வைத்ததில்லை. "அது விக்கறதுக்கு" என்பார்.

எழுபத்தெட்டு வயது. மனைவி இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே மகள் லெஸ்யா கால்கரியில் இருக்கிறாள். நிலத்தைப் பக்கத்துக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, ஊரிலிருந்து சரளைக்கல் சாலையில் இருபது நிமிடம் உள்ளே தள்ளியிருந்த வீட்டில் தனியாக இருந்தார். துணைக்கு இரண்டு பூனைகளும் ஒரு நீல நிறப் பழைய பிக்கப் வண்டியும். அந்தச் சாலையில் பஸ் கிடையாது. அதனால் அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு பேச்சு இருந்தது: வண்டி ஓட்டுகிறவரை பண்ணை வீடு, ஓட்ட முடியாமல் போன அன்று ஊருக்குள் முதியோர் இல்லத்தில் ஓர் அறை. அவரும் சரியென்று சொல்லியிருந்தார். அந்த நாள் வராது என்ற நம்பிக்கையில் சொன்ன சரி அது.

நான் வீட்டுப் பராமரிப்புப் பணியாள். வாரத்தில் இரண்டு காலை அவர் வீட்டுக்குப் போவேன். வீங்கும் கால்களுக்கு இறுக்கக் காலுறை மாட்டுவேன், மாத்திரைகளைப் பிரித்து வைப்பேன், சாப்பிட்டாரா என்று பார்ப்பேன். அவர் என்னை "நர்ஸம்மா" என்பார். நான் நர்ஸ் இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று. நர்ஸ் வந்தால் அவளை "பொண்ணு" என்பார்.

அந்த வருடம் எங்கள் மாகாண அணி படுமோசமாக ஆடியது. கனடியக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எதிராளியை முட்டித் தள்ளி முன்னேறுகிற ஆட்டம். மூன்று வாய்ப்புக்குள் பத்து கஜம் நகர வேண்டும். எங்கள் ஆட்கள் இரண்டு வாய்ப்பில் மூன்று கஜம் நகர்வார்கள், மூன்றாவதில் பந்தை உதைத்து எதிராளியிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்து தண்ணீர் குடிப்பார்கள். உதை கம்பங்களுக்கு நடுவே போகாவிட்டாலும் சில சமயம் ஒரு புள்ளி தரும் ஆட்டம் இது. அந்த வருடம் எங்களுக்கு அதுதான் பெரிய வரும்படி.

பந்தை வாங்கி, யாருக்கு எறிவது என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவெடுக்கிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். எங்கள் குவார்ட்டர்பேக் கைரன் மேடக்ஸ், அமெரிக்காவின் ஜார்ஜியாவிலிருந்து வந்த பையன். கோடையின் தொடக்கத்தில் ஊரே அவனைக் கொண்டாடியது. ஆகஸ்டில் நாய்க்குட்டி ஒன்றுக்கு அவன் பெயரை வைத்த எங்கள் ஊர் இர்மா, செப்டம்பரில் அதை வேறு பெயரில் கூப்பிட ஆரம்பித்தாள்.

ஆட்டம் பார்ப்பது கர்லிங் கூடத்தில். குளிர்காலத்தில் பனித்தரையில் கல் தள்ளி விளையாடும் இடம். மற்ற மாதங்களில் சும்மா கிடக்கும். அங்கே பெரிய டிவி உண்டு. சமையலறை இர்மாவின் பொறுப்பு. உருளைக்கிழங்கு வைத்த பெரோகி கொழுக்கட்டையையும் பூண்டு போட்ட தொத்திறைச்சியையும் தட்டில் வைத்து, கூடவே தன் கருத்தையும் வைப்பாள்.

கருத்துக்கு அங்கே பஞ்சமே இல்லை. முன்வரிசையில் வெண்டல் ஃப்ரீசன் உட்காருவார். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறாதது குரல் மட்டும். அவரும் நெஸ்டரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சண்டை போடுகிறவர்கள்.

"அவனுக்குக் கண்ணு தெரியலடா!" என்று வெண்டல் கத்துவார். "அந்தப் பக்கம் ஒருத்தன் தனியா நின்னு கையை ஆட்டறான். தபால் பெட்டி மாதிரி நிக்கறான். இவன் கூட்டத்துக்குள்ள எறியறான்!"

"அவனைச் சொல்லாதே," என்று பின்வரிசையிலிருந்து நெஸ்டர் சொல்வார். "அவனுக்குக் காவலா முன்னாடி நிக்கற நம்ம அஞ்சு தடியன்களைச் சொல்லு. மூச்சு விட நேரம் குடுக்கறானுங்களா?"

"நீ ஏன்டா அவனுக்கு வக்காலத்து வாங்கறே? உன் பொண்ணைக் கட்டிக்கப் போறானா?"

"என் பொண்ணுக்கு அம்பது வயசு."

"அப்ப அவளுக்காவது இவனைவிட நல்லா எறிய வரும்."

நெஸ்டர் எப்போதும் பின்வரிசையில், சுவர் ஓரம். ஒரு காதில் சின்னக் கருவி செருகியிருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி சட்டைப் பைக்குள் போகும். காது கேட்கும் கருவி என்று ஊர் நினைத்தது. அவர் மறுக்கவில்லை.

பக்கத்து மாகாணத்து வின்னிபெக்காரர்களோடு நடந்த செப்டம்பர் ஆட்டத்தில்தான் அது எல்லோர் கண்ணிலும் பட்டது. டிவியில் எங்கள் ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். பந்து இன்னும் கைமாறவில்லை. நெஸ்டர் பெருமூச்சு விட்டு, "போச்சு, இடது பக்கம் எறிஞ்சு தொலைச்சான், அவன் பிடிச்சுட்டான்" என்றார். அதற்குப் பிறகு டிவியில் மேடக்ஸ் பந்தை வாங்கினான். இடது பக்கம் எறிந்தான். வின்னிபெக்காரன் பாய்ந்து பிடித்தான்.

வெண்டல் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த முறை எங்களிடம் பந்து வந்தபோது நெஸ்டர், "நடுவுல ஓடறான். ஒரு கஜம்" என்றார். நடுவில் ஓடினார்கள். ஒரு கஜம்.

"எப்படிடா?" என்றார் வெண்டல்.

"எது எப்படி?"

"முன்னாடியே சொல்றியே!"

நெஸ்டர் காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "ரொம்ப வருஷமா பாக்கறேன் இல்ல" என்றார்.

அன்றிலிருந்து ஊரில் விவாதத்தின் திசையே மாறிவிட்டது. அதுவரை குற்றம் மேடக்ஸ் மேல் இருந்தது. இப்போது வெண்டல் புதிய உண்மையைக் கண்டுபிடித்தார்: பெரோகி தின்றுகொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பருப்பு விவசாயிக்கே அடுத்தது என்ன என்று தெரிகிறதென்றால், எதிரணிக்குத் தெரியாமலா இருக்கும்? ஆகவே குற்றம் ஆட்டத்தைத் திட்டமிடும் கோச்சுடையது.

"எல்லாத்தையும் தண்டோரா போட்டுட்டுச் செய்யறான்யா அந்தக் கோச்," என்றார். "நெஸ்டரே கண்டுபிடிச்சுடறான். நெஸ்டர்! வரி கட்டற தேதி ஒரு வருஷமாவது ஞாபகம் இருந்திருக்கா இவனுக்கு?"

இர்மா கரண்டியோடு வந்து, "அப்ப அந்தப் பையன் மேல தப்பில்லையா?" என்றாள்.

"அவன் மேலயும்தான் தப்பு. ஆனா ரெண்டாவது."

என் வீட்டில் சமையலறையில் ரேடியோ ஓடும், கூடத்தில் டிவி ஓடும். பாத்திரம் தேய்க்கும்போது ரேடியோவில் பந்து விழும். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனால் டிவியில் அப்போதுதான் எறிவான். டிவிப் படம் வானத்துக்குப் போய்ச் சுற்றிவிட்டு வருகிறது. ரேடியோ நேராக வருகிறது. நாலைந்து மூச்சு வித்தியாசம். இது ஒன்றும் ரகசியமில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்து ஓட்டுகிற வீடுகள் குறைவு.

எனவே நெஸ்டர் காதில் இருந்தது ரேடியோ என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதில் தவறில்லை. டிவியில் பேசுகிறவர்கள் டொரன்டோக்காரர்கள், அவர்கள் பேச்சைக் கேட்க எங்கள் பக்கம் பலருக்கு ஆகாது. எனக்குப் புரியாதது வேறு. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், படத்தில் நடக்காத ஒன்றுக்குத் திட்டுகிறார். படம் இன்னும் அங்கே வரவில்லை என்று அவருக்கே தெரியவில்லையா?

அதன் பிறகு அவர் வீட்டில் நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். காப்பி ஊற்றும்போது கோப்பைக்குள் விரலை வைத்திருந்தார். சூடு விரலில் பட்டதும் நிறுத்தினார். நான் கதவருகே பேசாமல் நின்றால், நான் பேசும்வரை என்னிடம் பேசவில்லை. என்னைப் பார்க்க வேண்டியபோது முகத்தைச் சற்று ஒதுக்கி, ஓரக்கண்ணால் பார்த்தார், கோழி பார்ப்பதுபோல. நடுப்பார்வை போனவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஓரத்தில் மிச்சம் இருக்கும். வெளியே போய் வண்டியைப் பார்த்தேன். முன்பக்கம் வலது மூலை நசுங்கியிருந்தது. வாசலில் தபால் பெட்டிக் கம்பம் சாய்ந்திருந்தது.

காலுறையை மாட்டிக்கொண்டே கேட்டேன்.

"எத்தனை நாளா கண்ணு தெரியல?"

"யாருக்கு?"

"பூனைக்கு."

சிரிக்கவில்லை. "போன குளிர்காலத்துல இருந்து. நடுவுல மட்டும் புகை மாதிரி. ஓரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு நர்ஸம்மா. ரோடு ஓரத்தை வெச்சு ஓட்டிடுவேன்."

"நடுவுல ஒரு பிள்ளை வந்தா?"

"இந்த ரோட்டுல யாரு வரா?"

"ஊருக்குள்ள வராங்க. பள்ளிக்கூடம் இருக்கு. வண்டியை எடுக்காதீங்க. நீங்களே டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"சொன்னா லைசென்ஸ் போயிடும். லைசென்ஸ் போனா லெஸ்யா பெட்டியோட வந்து நிப்பா. அந்த முதியோர் விடுதியில சாயந்திரம் நாலரைக்கே ராச்சாப்பாடு போடறாங்க, தெரியுமா உங்களுக்கு? கண்ணு இருக்கறவனுக்கே அங்க பாக்க ஒண்ணும் இல்ல."

"தெரியும். அங்க பதினஞ்சு வருஷம் வேலை பாத்திருக்கேன். சாப்பாடு மோசமில்ல."

"கோழி விருந்து முடியட்டும், நானே சொல்றேன்."

"விருந்து வரைக்கும் வண்டி ஓட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

"ஓட்டல."

நான் அவரை நம்பினேனா இல்லையா என்பது முக்கியமில்லை. அன்று மதியமே என் மேற்பார்வை நர்ஸிடம் சொல்லிவிட்டேன். விருந்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை கண் டாக்டரிடம் நேரம் வாங்கினோம். அதையும் அவரிடம் ஃபோனில் சொன்னேன். "பெரிய உபகாரம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கோழி விருந்து என்பது அறுவடை முடிந்ததும் அக்டோபரில் ஒவ்வோர் ஊரிலும் நடப்பது. பெயர்தான் கோழி, போடுவது வான்கோழி. ஊரே சமைக்கும், ஊரே சாப்பிடும். அந்த வாரம் அணிக்கு ஆட்டம் இல்லை. அப்படி ஆட்டமில்லாத வாரங்களில் ஒன்றிரண்டு பேரைச் சின்ன ஊர்களுக்கு அனுப்பி, மக்களோடு சாப்பிட வைப்பார்கள். ஜெயிக்கிற வருடங்களில் எங்கள் ஊருக்கு யாரும் வந்ததில்லை. அந்த வருடம் மேடக்ஸையும், தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் கோச் ஹால்வர்சனையும் அனுப்பினார்கள்.

செய்தி வந்த உடனே வெண்டலுக்குத் திட்டம் உதித்துவிட்டது. கோச்சுக்கு முன்னால் நெஸ்டரை உட்கார வைத்து, அடுத்தது என்ன என்று சொல்ல வைப்பது. "அவன் மூஞ்சியிலயே நிரூபிச்சுடலாம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார்.

அன்று மாலை கர்லிங் கூடத்துக்கு நான் போனபோது, வாகனம் நிறுத்தும் இடத்தில் நீல வண்டி நின்றிருந்தது. ஒரு சக்கரம் இர்மாவின் பூப்பாத்தியில் இருந்தது.

உள்ளே நெஸ்டர் சுத்தமான சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய், "ஓட்டிட்டு வந்திருக்கீங்க" என்றேன்.

"வெளிச்சத்துலதான் வந்தேன்."

"திரும்பி நான் ஓட்டறேன். சாவியைக் குடுங்க."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்."

மேடக்ஸ் வாசலில் குனிந்துதான் உள்ளே வந்தான். அவ்வளவு உயரம். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது, இடது தோளைத் தூக்க முடியாமல் இருக்கிறான். வான்கோழி, கோஸ் இலைச் சுருள், பூசணிக்காய் இனிப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சாப்பிட்டான். இர்மா மூன்றாம் முறை தட்டை நிரப்பினாள். அவளுடைய நாய்க்குட்டியின் பழைய பெயரை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

சாப்பாடு முடிந்ததும் வெண்டல் எழுந்தார். "கோச் ஐயா, உங்களுக்கு எங்க ஊர்க்காரர் ஒருத்தரை அறிமுகப்படுத்தறேன். நீங்க அடுத்து என்ன பண்ணப்போறீங்கன்னு உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே இவருக்குத் தெரியும்."

ஹால்வர்சன் நல்ல மனிதர். வருடம் முழுக்கத் திட்டு வாங்கி, எதற்கும் தயாரானவர்போல் இருந்தார். மடிக்கணினியைத் திறந்து பெரிய டிவியோடு இணைத்தார். "இது போன வாரப் பயிற்சிப் படம். வெளிய யாரும் பார்த்ததில்லை. பந்து கைமாறுற இடத்துல நிறுத்தறேன். ஐயா சொல்லட்டும்."

நெஸ்டரை முன்வரிசைக்குக் கூட்டிப்போனார்கள். காதில் கருவி இருந்தது. ஆனால் அன்று எந்த ரேடியோவிலும் எந்த ஆட்டமும் இல்லை.

முதல் படம் நின்றது.

"சொல்லுடா," என்றார் வெண்டல்.

"ஓட்டம்," என்றார் நெஸ்டர்.

எறிந்தார்கள்.

"வலது பக்கம் எறிவான்."

நடுவில் ஓடினார்கள்.

"இப்ப... நடுவுல ஓட்டம்."

இடது கோடி வரைக்கும் எறிந்தார்கள். கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அப்போது ஹால்வர்சன் அடுத்த படத்தைத் தேட வேண்டியிருந்தது. டிவியில் படம் போய் வெறும் நீலத்திரை நின்றது. நெஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டு, யோசித்து, "இடது பக்கம். குட்டையா ஒரு பாஸ்" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை என்று நினைத்தார்கள். நெஸ்டரும் ஒரு நொடி தாமதமாகச் சிரித்தார். மேடக்ஸ் சிரிக்கவில்லை. அவன் திரையைப் பார்க்கவில்லை, நெஸ்டரின் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிராளி எங்கே பார்க்கிறான் என்று பார்ப்பதுதானே அவன் தொழில்.

நான் எழுந்து போய் விளையாட்டை நிறுத்தலாம் என்று நினைத்தபோது வெண்டல் முந்திக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கைகளை விரித்தார். "எதுவுமே சரியா வரல! நெஸ்டராலயே கண்டுபிடிக்க முடியல! கோச் மாத்திட்டார்யா ஆட்டத்தை! இனிமே ஜெயிக்கலாம்!"

கூடம் கை தட்டியது. ஹால்வர்சன் எதற்குப் பாராட்டு என்று தெரியாமல் தலையை ஆட்டினார். அந்த வருடத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்தக் கலகலப்பில் நெஸ்டர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் கோட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மேடக்ஸ் எனக்கு முன்னால் போயிருந்தான். அவரோடு பேச நினைத்திருக்கிறான். வண்டிக்குப் பின்பக்கமாகச் சுற்றி வந்துகொண்டிருந்தான். வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. நெஸ்டர் வண்டியைக் கிளப்பினார். பின்னோக்கி எடுத்தார்.

நான் கத்தினேன். வண்டி நின்றது. ஆனால் நிற்பதற்கு முன்பே 'டம்' என்று ஒரு சத்தம் கேட்டது.

மேடக்ஸ் பின்கதவில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அவனை உட்கார வைத்து முழங்கால், இடுப்பு, முதுகு எல்லாம் தொட்டுப் பார்த்தேன். இடுப்பில் சின்னச் சிராய்ப்பு. தோள் ஏற்கெனவே இருந்த வலிதான்.

நெஸ்டர் வண்டியைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் வந்தார். "யாரு? யாரு மேல பட்டுது?"

"நான்தான் சார். கைரன்."

"அடிபட்டுதாப்பா?"

"இல்ல சார். இந்த சீசன்ல என்னை அடிச்சவங்கள்லயே நீங்கதான் மெதுவா அடிச்சீங்க."

நெஸ்டர் கையை நீட்டினார். அது பையனின் நெஞ்சில் பட்டது. பிறகு தோள், பிறகு மேலே இன்னும் மேலே. அவன் எவ்வளவு பெரியவன் என்று அளந்ததுபோல் இருந்தது.

"இவ்வளவு பெரிய ஆளு," என்றார். "இவ்வளவு பெரிய ஆளே எனக்குத் தெரியல."

பிறகு என் பக்கம் திரும்பி, குரலை வைத்து நான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, சாவியை நீட்டினார். நான் வாங்கும் முன் மேடக்ஸ், "நான் கொண்டுபோய் விடறேன் சார்" என்று வாங்கிக்கொண்டான்.

அது கியர் வண்டி. இடதுகாலுக்குக் கிளட்ச் என்று ஒன்று இருப்பதை அவன் ஜார்ஜியாவில் கேள்விப்பட்டதில்லைபோல. கிளப்பினான், குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பினான், ஒரு முழம் போய் நின்றது. மூன்றாவது முறை பூப்பாத்திக்குள் போய் நின்றது. சத்தம் கேட்டு ஊர் வாசலுக்கு வந்துவிட்டது.

"பாருங்கய்யா," என்றார் வெண்டல். "இதையும் முன்னாடி நகர்த்த முடியல இவனால."

நான் ஓட்டினேன். மூவரும் ஒரே இருக்கையில், நடுவில் நெஸ்டர். மேடக்ஸைத் திரும்ப அழைத்துப்போக ஹால்வர்சன் காரில் பின்னால் வந்தார்.

"அது ரேடியோ," என்றார் நெஸ்டர். காதிலிருந்ததைக் கழற்றி அவனிடம் காட்டினார். "டிவியைவிட முன்னாடி வருது. எனக்கு டிவி தெரியல. அதனால எப்ப வாயை மூடணும்னும் தெரியல."

"எல்லாரும் எனக்குத்தான் கண்ணு தெரியலன்னு சொல்றாங்க சார்."

"உனக்குக் கண்ணு நல்லா இருக்கு. அவசரம் ஜாஸ்தி. ரேடியோல கேட்டாலே தெரியுது."

"எங்க கோச்சும் அதைத்தான் சொல்றார்."

"அப்ப கேக்க வேண்டியதுதானே?"

"பின்னாடி நாலு பேர் துரத்திட்டு வராங்க சார். நின்னு யோசிக்கச் சொல்றீங்க."

நெஸ்டர் அதை ஏற்றுக்கொண்டதுபோல் தலையாட்டினார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் நான் நினைத்ததையே சொன்னார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போயிருந்தது; திரும்ப வராது. மிச்சத்தைக் காப்பாற்ற ஊசி போடலாம். லைசென்ஸை யாரும் பிடுங்கவில்லை. திரும்பும் வழியில் லைசென்ஸ் அலுவலகத்து வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லி, அவரே உள்ளே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மேஜையில் இருந்த பெண், "வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டாளாம். "இருந்ததையே குடுத்துட்டேன், வேற என்ன?" என்றாராம்.

சனிக்கிழமை லெஸ்யா அட்டைப் பெட்டிகளோடு வந்தாள். அப்பாவின் பெண்தான், சொன்ன சொல்லை நினைவில் வைத்திருந்தாள். சமையலறை மேஜையைச் சுற்றி நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"ஒத்துக்கிட்டீங்கல்ல அப்பா?"

"ஒத்துக்கிட்டேன்."

"வண்டி இல்லாம இங்க எப்படி இருப்பீங்க? பால் வாங்கணும்னா?"

"பால் எனக்குப் பிடிக்காது."

அந்த நேரத்தில் வெண்டல் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"நான் ஓட்டறேன்," என்றார். "காலையில வந்து இவனைக் காப்பிக்குக் கூட்டிட்டுப் போறேன், மத்தியானம் கொண்டுவந்து விட்டுடறேன். கடை, டாக்டர், ஆட்டம், எல்லாத்துக்கும். இவன் வண்டியிலயே."

"ஏன் மாமா?" என்றாள் லெஸ்யா. சின்ன வயதிலிருந்து அவரை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"என் வீட்டுக்காரி பகல்ல என்னை வீட்டுல வெச்சுக்க முடியாதுன்னு சொல்லிட்டா."

லெஸ்யா என்னைப் பார்த்தாள். இந்த மாதிரி நேரத்தில் நான் நல்ல வார்த்தை சொல்வதில்லை. செய்ய வேண்டியதைச் சொல்வேன். அடுப்புத் திருகில் தொட்டால் தெரிகிற மாதிரி புள்ளி ஒட்ட வேண்டும். படியில் கைப்பிடி வேண்டும். தரை விரிப்புகளை எடுத்துவிட வேண்டும். ஃபோனில் ஒரே பொத்தானை அமுக்கினால் எனக்கு வர வேண்டும். நான் வராத நாட்களில் காலுறை மாட்ட வெண்டல் கற்றுக்கொள்ள வேண்டும். இவ்வளவும் நடந்தால் வசந்தம் வரை பார்க்கலாம். ஒரு முறை விழுந்தால் பேச்சே இல்லை, விடுதி.

"காலுறையா?" என்றார் வெண்டல்.

"காலுறைதான். உட்காருங்க, காட்டறேன்."

அவருக்கு வரவில்லை. வியர்த்துவிட்டது. நெஸ்டர் காலை நீட்டிக்கொண்டு, "மூணு வாய்ப்புதான்டா உனக்கு" என்றார். நாலாவதில் மாட்டினார்.

லெஸ்யா பெட்டிகளை மடித்துக் காரில் வைத்தாள். தூக்கி எறிந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது, காரில்தான் இருந்தன.

ரேடியோ விஷயத்தை நெஸ்டர் அடுத்த ஆட்டத்தன்று கூடத்தில் எல்லோருக்கும் சொன்னார். வெண்டல் நன்றாக யோசித்தார். "அப்ப ரேடியோக்காரனுக்கே முன்னாடி தெரிஞ்சிருக்கு," என்றார். "நான் சொன்னேன்ல? அந்தக் கோச் அவ்வளவு மோசம்." அதற்குமேல் அதை யாராலும் விளக்க முடியவில்லை. அந்த ஆட்டத்திலும் தோற்றோம்.

மேடக்ஸைக் குளிர்காலத்தில் அனுப்பிவிட்டார்கள். புதிதாக ஒருவனை எடுத்தார்கள். அவன் பெயரைச் செய்தியில் கேட்ட மறுநாள் காலை, நீல வண்டியில் ஊருக்குப் போகும் வழியில் வெண்டல், "அந்தப் பையனை விட்டிருக்கக் கூடாதுடா. நல்ல கை. கொஞ்சம் நேரம் குடுத்திருந்தா..." என்று ஆரம்பித்திருக்கிறார்.

"வண்டியை நிறுத்து," என்றார் நெஸ்டர்.

"ஏன்?"

"நிறுத்துடா."

நிறுத்தினார். நெஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, பனி மூடிய சரளைக்கல் சாலையில் வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். அன்று மைனஸ் முப்பது. வெண்டல் வண்டியைப் பின்னோக்கி எடுத்து, கூடவே மெதுவாக ஓட்டிக்கொண்டு, சன்னலை இறக்கிப் பேசிக்கொண்டே வந்தார். தான் முதலிலிருந்தே அவனைத்தான் ஆதரித்ததாகச் சொன்னாராம்.

அரை மைல் தூரம்கூட இல்லை. நெஸ்டர் நின்றார், கதவைத் தடவிக் கண்டுபிடித்தார், ஏறிக்கொண்டார்.

"ஓட்டு," என்றார். "வாயை மூடிட்டு ஓட்டு."

வெண்டல் ஓட்டினார். வசந்தம் வந்துவிட்டது, நெஸ்டர் இன்னும் விழவில்லை, வெண்டல் இன்னும் வாயை மூடவில்லை.